வைண்டிங் மாஸ்டரைப் பற்றி நான் எழுதிய அறிக்கை

அவர் முதன்முதலாகச் சிறைக்குள் வந்த காலை எனக்கு இன்றும் அப்படியே கண்ணில் நிற்கிறது. எங்கள் சிறையின் பெரிய கதவு எப்போதாவதுதான் திறக்கும். ஆட்கள் போய்வருவது அதில் வெட்டிய சின்னக் கதவு வழியாகத்தான். யாராக இருந்தாலும் தலையைக் குனிந்துதான் நுழைய வேண்டும். அவர் குனிந்து நுழைந்தபோது தோளில் கருகிப்போன ஒரு மோட்டார் இருந்தது. வாயிற்காவலர் அதைக் கீழே இறக்கச் சொல்லி, உள்ளே ஏதாவது ஒளித்து வைத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். "பிரிச்சுக் காட்டு" என்றார். அவர் அவசரப்படவில்லை. குந்தி உட்கார்ந்து மோட்டாரின் அருகே மூக்கைக் கொண்டுபோய் ஒருமுறை முகர்ந்தார். "உள்ள ஒண்ணுமில்லீங்க. கெணத்துல தண்ணி வத்துனது தெரியாம ஓட்டியிருக்கறாங்க. தண்ணியில்லாம ஓடிச் செத்துப்போச்சு. நீங்களே மோந்து பாருங்க, தெரியும்" என்றார். காவலர் தன்னையறியாமல் குனிந்து முகர்ந்து பார்த்தார். நீதிமன்றத்துக்குப் போவதற்காக வரிசையில் உட்கார்ந்திருந்த விசாரணைக் கைதிகள் அதைக் கண்டு சிரித்தார்கள். காவலரும் சிரித்துவிட்டார். நான் அவர்களுக்குப் பின்னால் சாக்பீஸ் டப்பாவோடு நின்றிருந்தேன். அந்தக் கதவில் பதினோரு ஆண்டுகளாக நுழைந்துகொண்டிருந்தவன் நான். அங்கே யாரும் சிரித்து நான் கேட்டதில்லை. என் பொறாமைக்கு ஒரு பிறந்தநாள் உண்டென்றால் அது அந்தக் காலைதான்.

நான் சிறைப் பள்ளியின் ஆசிரியர். அப்பா பள்ளிபாளையத்தில் கூலிக்குத் தறி ஓட்டியவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைக்கும் என்று காத்திருந்து, கடைசியில் சிறைக்குள் கிடைத்தது. முதலில் வெட்கமாக இருந்தது. சொந்தக்காரர்கள் கேட்டால் "அரசாங்க வேலை" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வேன். பிறகு அந்த வேலையிலேயே ஒரு கர்வம் வந்துவிட்டது. கைநாட்டு வைத்துக்கொண்டு உள்ளே வந்த ஒருவர் ஆறு மாதத்தில் தன் பெயரைத் தானே எழுதும்போது அவர் முகம் மாறுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கர்வம் புரியும். அவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பதும் நான்தான், வீட்டுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பதும் நான்தான். அந்த மதில்களுக்குள் மனிதனைத் திருத்துவது என்று ஒன்று நடந்தால் அது என் வகுப்பறையில்தான் நடக்கும் என்று நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையைப் பங்குபோட ஆள் வருவார் என்று நான் நினைத்திருக்கவில்லை.

வந்தவர் திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். எரிந்துபோன மோட்டார்களுக்குப் புதிதாகத் தாமிரக் கம்பி சுற்றி உயிர் கொடுப்பது அவர் தொழில். எங்கள் பக்கத்தில் ஆழ்துளைக் கிணறும் கோழிப் பண்ணையும் தறியும் இருக்கிறவரை அந்த வேலைக்குப் பஞ்சமே இல்லை. சாலையை அகலப்படுத்தியபோது அவர் கடை போய்விட்டது. அந்தச் சமயம் சிறையில் கைத்தொழில் கற்றுத்தர ஒப்பந்தத்தில் ஆள் எடுத்தார்கள், வந்து சேர்ந்தார். முன்பு சாக்கு மூட்டைகள் போட்டு வைத்திருந்த கொட்டகையை ஒதுக்கிக் கொடுத்தார்கள். சிறை ஊழியர்கள் தங்கள் வீட்டு மோட்டார்களைக் கொண்டுவந்து போட ஆரம்பித்தார்கள். ஒரு மாதத்தில் அந்தக் கொட்டகையில் இடம் கேட்டுக் கைதிகள் மனுக் கொடுத்தார்கள். அந்த மனுக்களையும் எழுதிக் கொடுத்தது நான்தான்.

எல்லாரும் அவரை மாஸ்டர் என்றார்கள். அவர் எல்லாரையும் "சாமி" என்றார். எங்கள் பக்கத்தில் பெரியவர், சின்னவர் என்று பார்க்காமல் அப்படிக் கூப்பிடுவது வழக்கம்தான். என் அம்மாவும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். ஆனால் கொலை செய்துவிட்டு வந்தவரையும், நகை பறித்துவிட்டு வந்தவரையும் பார்த்து, "சாமி, அந்தக் கம்பியக் கொஞ்சம் இழுத்துப் புடி" என்று அவர் சொன்னதைக் கேட்டபோது எனக்கு எரிச்சலாக இருந்தது. இது வேடம், நாலு நாளில் கலைந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கலையவில்லை. நான் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதை அதுவரை பெரிய மரியாதையாக நினைத்திருந்தேன். மற்றவர்கள் எண்ணைச் சொல்லித்தானே கூப்பிட்டார்கள்!

என்னிடம் படித்தவர்களில் ஆத்தூர்க்காரர் ஒருவர் இருந்தார். அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர். குடிபோதையில் நடந்த தகராறில் கூட்டாளியை அடித்து, அவர் இறந்துபோனதால் தண்டனை பெற்று வந்தவர். நாற்பது வயதுக்கு மேல் அவருக்கு அகரம் கற்றுக்கொடுப்பது லேசாக இல்லை. பென்சிலை மண்வெட்டி மாதிரி பிடிப்பார். 'ழ' எழுத வைக்க எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. இரண்டு ஆண்டுகள் அவரோடு மல்லுக்கட்டினேன். தன் மகளுக்கு அவர் ஒரு கடிதம் முழுதாகத் தன் கையால் எழுத வேண்டும், அதை நான் படித்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. ஒருநாள் அவர் மாஸ்டரின் கொட்டகைக்குப் போய்விட்டார். நான்கு மாதம் கழித்து ஒரு நோட்டோடு என்னிடம் வந்தார். "சார், நானே எழுதனேன் சார். யாரும் சொல்லல" என்றார். பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். எந்த மோட்டாருக்கு எத்தனை சுற்று, எந்தக் கனத்தில் கம்பி, மோட்டாருக்குள் கம்பி படியும் பள்ளங்களில் எதில் தொடங்கி எதில் முடிக்க வேண்டும், எல்லாம். 'சுழல்' என்ற சொல்லில் 'ழ' அவ்வளவு அழகாக இருந்தது. நான் கொடுத்த எழுத்து. அதை இன்னொருவர் சொன்னதை எழுதுவதற்குப் பயன்படுத்தியிருந்தார். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் சிவப்பு மையால் இரண்டு ஒற்றுப்பிழைகளைச் சுழித்துக் கொடுத்தேன். "சரிங்க சார்" என்று வாங்கிக்கொண்டு போனார். மகளுக்கும் கடிதம் எழுதினாராம். அதை மாஸ்டர்தான் படித்துப் பார்த்தாராம்.

இதெல்லாம் சின்ன விஷயம் என்று தோன்றலாம். வெளியில் இருப்பவர்களுக்குச் சின்ன விஷயம்தான். சிறைக்குள் வேலை செய்கிறவனுக்குக் கிடைக்கும் கூலியே அந்த மாதிரிப் பார்வைகள்தான். அவையெல்லாம் கொட்டகைப் பக்கம் திரும்பிவிட்டபோது என் வகுப்பில் மிஞ்சியவர்கள் யார் என்றால், வெயிலுக்கு ஒதுங்க வந்தவர்களும், வருகைப் பதிவு நன்றாக இருந்தால் தண்டனைக் குறைப்புக்கு உதவும் என்று யாரோ சொல்லக் கேட்டு வந்தவர்களும்தான். நான் இலக்கணம் நடத்தும்போது சுவருக்கு அப்பாலிருந்து ஒரு மோட்டார் உறுமி ஓடத் தொடங்கும். உடனே ஒரு கைதட்டல் கேட்கும். என் வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்கள் தலையைத் திருப்புவார்கள். நான் பாடத்தை நிறுத்த மாட்டேன், குரலை உயர்த்துவேன்.

அப்படியிருக்கும்போதுதான் சிறைத்துறைத் தலைமையகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. வருகிற நிதியாண்டில் சீர்திருத்தப் பயிற்சிகளுக்கான ஒதுக்கீடு குறையும், எந்தப் பயிற்சியால் பலன் இருக்கிறது என்று ஆராய்ந்து குறிப்பு அனுப்பவும் என்று கேட்டிருந்தார்கள். அப்போதிருந்த கண்காணிப்பாளர் நேர்மையான மனிதர், அலுத்துப்போன மனிதரும்கூட. என்னை அறைக்குக் கூப்பிட்டு அந்தக் கடிதத்தைத் தள்ளினார். "வாத்தியாரே, சம்பளம், சாப்பாடு, மதில், விளக்கு, வண்டி எல்லாம் போக மிச்சம் இருக்கறதுதான் இவங்களத் திருத்தறதுக்கு. அந்த மிச்சத்துலதான் முதல்ல கை வைப்பாங்க. உங்க வகுப்பு, வைண்டிங் வகுப்பு, ரெண்டுல ஒண்ணுதான் மிஞ்சும் போலிருக்கு. வெளிய போனவங்க என்ன ஆனாங்கன்னு விசாரிச்சு எழுதுங்க. உங்களுக்குத்தான் நல்லா எழுத வரும்" என்றார். என் வகுப்பே அந்த இரண்டில் ஒன்றாக இருக்கும்போது என்னிடமே அதை எழுதக் கொடுப்பது சரியில்லை என்று அவருக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. நான் சொல்லவில்லை.

வெளியே போனவர்கள் என்ன ஆனார்கள் என்று எங்களிடம் பதிவு எதுவும் இல்லை. ஒருவர் திரும்பி உள்ளே வந்தால்தான் அவரைப் பற்றி எங்களுக்குத் தெரியும். வராதவர் திருந்திவிட்டாரா, செத்துவிட்டாரா, வேறு ஊரில் பிடிபட்டாரா என்று யாருக்கும் தெரியாது. வேறு வழியில்லாமல் மாஸ்டரிடம் போனேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு ஆணியில் தொங்கிய பையிலிருந்து ஒரு டைரியை எடுத்தார். அவரிடம் தொழில் கற்று வெளியே போன ஒவ்வொருவர் போன் எண்ணும் அதில் இருந்தது. "ஞாயித்துக்கெழமை ஊட்ல இருக்கறப்ப ஒவ்வொருத்தரா கூப்புடுவேனுங்க. எல்லாரையும் கேட்டுப் பாருங்க சார். நல்லா எழுதுங்க" என்று கொடுத்தார். அவர் கண்ணில் சந்தேகமே இல்லை. என்னிடம் படித்து வெளியே போன ஒருவர் எண்கூட என்னிடம் கிடையாது.

அன்று மாலை வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். ஒருவர் மேட்டூரில் பம்பு பழுது பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் ராசிபுரத்தில் கோழிப் பண்ணைகளுக்கு மோட்டார் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் எங்கள் பள்ளிபாளையத்திலேயே, என் அப்பா வேலை பார்த்த தெருவுக்குப் பக்கத்துத் தெருவில், தறி மோட்டார்களுக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார். எல்லாரும் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: "மாஸ்டரு நல்லா இருக்காருங்களா?" என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆத்தூர்க்காரரின் எண்ணைக் கடைசிக்கு வைத்திருந்தேன். தண்டனை முடிந்து போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. "நான்தாம்பா சார் பேசறேன்" என்றேன். "எந்த சாருங்க?" என்றார். பின்னால் ஏதோ இரைச்சல். காதில் சரியாக விழாமல் இருந்திருக்கலாம். இன்று அப்படி நினைக்கிறேன். அன்று நினைக்கவில்லை. நான் யார் என்று விளக்கியதும், "அடடே, சார், மன்னிச்சுக்குங்க சார்" என்று பதறினார். நான் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுப் போனை வைத்தேன்.

மறுநாள் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தேன். என்னிடம் படித்துப் போனவர்களில் பலர் திரும்பி வந்திருந்தார்கள். சிலர் இரண்டு தடவை வந்திருந்தார்கள். மாஸ்டரிடம் கற்றவர்களில் திரும்பி வந்தவர் ஒரே ஒருவர். விவசாயக் கிணறுகளிலிருந்து மோட்டாரைக் கழற்றித் தாமிரத்தை உருவி விற்றவர். அதைப் பார்த்தபோது எனக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும். மனசுக்குள் குளிர்ந்தது.

அந்த அறிக்கையில் நான் ஒரு பொய்கூட எழுதவில்லை. அதுதான் அதில் உள்ள மிகப் பெரிய அயோக்கியத்தனம். "மோட்டார் வைண்டிங் பயிற்சி பெற்ற ஒருவர், அப்பயிற்சியில் பெற்ற திறனைக் கொண்டே மீண்டும் குற்றம் புரிந்துள்ளார்" என்பதை முதல் பத்தியில் வைத்தேன். மற்றவர்கள் வேலை செய்து பிழைக்கிறார்கள் என்பதைப் பின்னால் தள்ளி, "இது தொலைபேசியில் அவர்கள் கூறியதை மட்டுமே ஆதாரமாகக் கொண்டது" என்று ஒரு வால் சேர்த்தேன். தாமிரக் கம்பியைச் சிறைக்குள் வைத்திருப்பதில் உள்ள பாதுகாப்புச் சிக்கலுக்குத் தனிப் பத்தி ஒதுக்கினேன். என் வகுப்பைப் பற்றி எழுதும்போது திரும்பி வந்தவர்களைப் பற்றிய பேச்சையே எடுக்கவில்லை. எத்தனை பேர் எழுதப் படிக்கக் கற்றார்கள், எத்தனை பேர் சான்றிதழ் பெற்றார்கள் என்று மட்டும் எழுதினேன். அதுவும் உண்மைதான். கண்காணிப்பாளர் படித்துவிட்டு, "நல்லா இருக்கு" என்று கையெழுத்துப் போட்டார். நல்ல தமிழில் இருந்தது.

மூன்று மாதத்தில் உத்தரவு வந்தது. மாஸ்டரின் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. கடைசி நாள் அவர் என் வகுப்பறை வாசலுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. நிலைப்படியில் நின்றபடியே, "போய்ட்டு வாரேனுங்க சார்" என்றார். நான் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "மேல இருக்கறவங்க கணக்கு வேற மாஸ்டர்" என்றேன். "ஆமாங்க" என்றார். பிறகு, "நாமக்கல்லுக்காரருக்குத்தான் இன்னும் நாலு மாசம் பாக்கி இருக்குதுங்க. பாதி வேல பழகிட்டாரு. பாதில உட்டுட்டுப் போறனேன்னுதான் மனசு கெடந்து அடிச்சுக்குது" என்றார். அந்த நாமக்கல்லுக்காரர் லாரி ஓட்டியவர். லாரியோடு சரக்கையும் சேர்த்து விற்ற வழக்கில் உள்ளே இருந்தார். வயது முப்பத்தைந்து இருக்கும். மாஸ்டர் போன பிறகு அவர் என் வகுப்புக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். நான் மனசுக்குள் ஜெயித்ததாகத்தான் நினைத்தேன். சுவருக்கு அப்பால் சத்தம் இல்லை. நான் குரலை உயர்த்தத் தேவையே இல்லை. ஒரு வாரம் நன்றாக இருந்தது.

நாமக்கல்லுக்காரர் தண்டனை முடிந்து போய் ஓராண்டுக்குள் திரும்பி வந்தார். லாரி வேலைக்கு யாரும் சேர்க்கவில்லையாம். பழைய கூட்டாளிகள் சேர்த்துக்கொண்டார்கள். மறுபடி என் வகுப்பில், அதே கடைசி வரிசையில் உட்கார்ந்தார். நான் தனியாகக் கூப்பிட்டு, "ஏப்பா இப்படிப் பண்ணுன?" என்று கேட்டேன். அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அவருக்கு ஒன்றும் தெரியாது. "ஒரு வைண்டிங் கடையில போயி நின்னனுங்க சார். மோட்டாரக் குடுத்துக் கட்டச் சொன்னாங்க. பிரிக்கத் தெரிஞ்சுது, சுத்தத் தெரிஞ்சுது. கம்பி முனைகளச் சேக்கறப்ப தப்பாயிருச்சு. சுவிச்சப் போட்டதும் பொகஞ்சுருச்சுங்க. எங்க பழகுனன்னு கேட்டாங்க. சொன்னேன். அப்புறம் எந்தக் கடையிலயும் நிக்க உடல. இன்னும் நாலு மாசம் மாஸ்டரு இருந்திருந்தா முழுசாப் பழகியிருப்பனுங்க" என்றார். நான் தலையாட்டினேன். அன்று முழுவதும் எனக்குப் பாடம் நடத்த முடியவில்லை. ஆளுக்கு ஒரு பக்கம் எழுதச் சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாஸ்டரைத் தேடிப் போனேன். திருச்செங்கோட்டுக்கு வெளியே, சாலையோரத்தில் தகரக் கொட்டகை போட்டிருந்தார். உள்ளே மூன்று பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். மூவரும் எங்கள் சிறையிலிருந்து போனவர்கள். அதில் ஒருவர் ஆத்தூர்க்காரர். அவர் எழுந்து ஓடிவந்து கும்பிட்டு நாற்காலி போட்டார். சுவரில் ஒரு சின்னக் கரும்பலகை. எந்த மோட்டார் யாருடையது என்று அவர் கையெழுத்தில் எழுதியிருந்தது. அரசாங்கம் கைவிட்ட வேலையை இந்த மனிதர் ஒரு தகரக் கொட்டகையில் செய்துகொண்டிருக்கிறார் என்று பார்த்ததும், ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும், மன்னிப்புக் கேட்கப் போன இடத்திலும் எனக்கு வயிறு எரிந்தது. நான் குழியில் தள்ளிய மனிதர் என்னைவிட மேட்டில் நின்றுகொண்டிருந்தார்.

மாஸ்டரை வெளியே, வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டேன். எப்படி எழுதினேன், ஏன் எழுதினேன் என்று சொன்னேன். பொறாமை என்ற வார்த்தையையே சொன்னேன். அந்த வயதில் இன்னொரு ஆம்பளையிடம் அந்த வார்த்தையைச் சொல்ல நாக்கு எழவில்லை. இரண்டு தடவை தொடங்கி மூன்றாம் தடவைதான் வந்தது. கேட்டு முடித்து, "தெரியுமுங்க" என்றார். போகிற அன்று கண்காணிப்பாளர் அந்த அறிக்கையை எடுத்துக் கையில் கொடுத்திருக்கிறார். "படிச்சுப் பாத்தேன். ஒரு எடத்துலயும் பொய்யில்லீங்க. அதுனால உங்ககிட்ட என்னத்தக் கேக்கறதுன்னு எனக்குத் தெரியல" என்றார். வாசலில் நின்று என்னிடம் விடைபெற்றபோது அவருக்கு எல்லாமே தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்த நிலைப்படியைத் தாண்டி அவர் ஏன் உள்ளே வரவில்லை என்பதும் புரிந்தது.

நாமக்கல்லுக்காரர் திரும்பி வந்துவிட்டதைச் சொன்னேன். அதுவரை சாதாரணமாக இருந்தவர் முகம் இறுகிவிட்டது. மரத்தில் கையை ஊன்றிக்கொண்டார். "எனக்குப் பண்ணுனது பரவால்லீங்க. எனக்குத் தொழில் இருக்குது. அவுருக்கு என்னங்க இருக்குது?" என்றார். கோபமாகத்தான் கேட்டார். அவர் கோபப்பட்டு நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகு, "அவுரு எப்ப வெளிய வாரார்னு பாத்து, நீங்களே கூட்டிட்டு வாங்க. சொல்லி அனுப்பிச்சா வர மாட்டாரு. வெக்கப்படுவாரு. நீங்க கூட்டிட்டு வரோணும்" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. டீ குடிக்கச் சொல்லவில்லை. உள்ளே போய்விட்டார். ஆத்தூர்க்காரர்தான் பேருந்து நிறுத்தம் வரை கூட வந்தார். "என்னங்க சார், மாஸ்டரு ஒரு மாதிரி இருக்காரு?" என்று கேட்டார். நான் ஒன்றுமில்லை என்றேன்.

நாமக்கல்லுக்காரர் விடுதலையான காலையில் நான் விடுப்பு எடுத்துக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றேன். அவரைக் கூட்டிப்போக வேறு யாரும் வரவில்லை. திருச்செங்கோட்டுப் பேருந்தில் ஏறிச் சங்ககிரி வந்தோம். அதற்குப் பிறகு, மாஸ்டரின் வகுப்பு ஏன் நின்றது என்பதை அவருக்கும் சொன்னேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இறங்கும்போது என் பையை அவரே எடுத்துக்கொண்டு வந்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. கொட்டகை வாசலில் மாஸ்டர் நின்றிருந்தார். "வா சாமி. எங்க உட்டமோ அங்கிருந்து புடிச்சுக்கலாம்" என்றார். பெரிய ஆள், லாரி ஓட்டிய ஆள், முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். நான் வெயிலில் நின்று பார்த்துவிட்டு அடுத்த பேருந்தைப் பிடித்தேன். பொறாமை அன்றோடு போய்விட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். போகவில்லை. பேருந்தில் வரும்போதே, ஒரு மனிதனை அழவைக்கிற அளவுக்கு என்னால் எப்போதாவது எதையாவது கற்றுக்கொடுக்க முடிந்திருக்கிறதா என்று கணக்குப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன்.

அடுத்து வந்த கண்காணிப்பாளர் பெண். என் பழைய அறிக்கையின் நகலோடு, திருத்திய ஒன்றையும் அவரிடம் நானாகவே கொண்டுபோய்க் கொடுத்தேன். இந்தத் தடவை இரண்டு வகுப்புக்கும் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தேன்: திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர்? என் வகுப்பின் விடையை முதல் பத்தியில் வைத்தேன். வைண்டிங் வகுப்பை மறுபடி தொடங்க வேண்டும் என்று கேட்டிருந்தேன். அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். "அதத் தொடங்கணும்னா உங்க வகுப்புலதான் குறைப்பாங்க. தெரியும்ல?" என்றார். "தெரியுமுங்க மேடம்" என்றேன். "அப்ப எதுக்கு எழுதுறீங்க?" என்றார். "போன தடவ தப்பா எழுதிட்டேனுங்க" என்றேன். அவர் மேலே கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒன்றரை ஆண்டு ஆயிற்று. சிறைகளில் எதுவும் சீக்கிரம் நடப்பதில்லை. மதில் உயர்த்துவதைத் தவிர.

இந்த ஆண்டு வகுப்பு மறுபடி தொடங்கியிருக்கிறது. அதே கொட்டகை. மாஸ்டருக்குப் போன் செய்து, திரும்ப வருகிறீர்களா என்று கேட்டேன். "இங்கயே ஆறு பேரு இருக்கறாங்க. வர முடியாதுங்க. கம்பி மட்டும் நல்ல கம்பியா வாங்கச் சொல்லுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது. புது மாஸ்டர் சேலத்துக்காரர், என் மகன் வயதுதான் இருக்கும். மேடம் சொன்னபடியே என் வகுப்பு நேரத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். காலையில் அவருக்கு, மாலையில் ஒரு மணி நேரம் எனக்கு. தொடக்க நாளன்று, வைண்டிங்கில் சேர்ந்தவர்கள் பெயர்களைக் கைதிகள் முன்னால் படிக்கச் சொல்லி மேடம் பட்டியலை என்னிடம் கொடுத்தார். அதில் முக்கால்வாசி என் மாணவர்கள். ஒவ்வொரு பெயரையும் நிறுத்தி, பின்வரிசை வரை கேட்கும்படி படித்தேன். அவரவர் எழுந்து கொட்டகைப் பக்கம் போனார்கள். கடைசியாக எழுந்தவர், போன மாதம்தான் வார்த்தைகளைச் சேர்த்து வாசிக்கத் தொடங்கியிருந்தவர், என்னிடம் வந்து, "அங்க போனாலும் சாயங்காலம் உங்ககிட்ட வரலாமுங்களா சார்?" என்று கேட்டார். வாங்க என்றேன். சில நாள் வருகிறார். வருகிற நாளில் கை முழுக்கக் கருப்பாக இருக்கும். நோட்டில் விரல் பட்ட இடமெல்லாம் கறை. நான் ஒன்றும் சொல்வதில்லை. வராத நாளில் எனக்கு வலிக்கத்தான் செய்கிறது. நேற்று வரவில்லை. இருந்த நால்வரை வைத்துக்கொண்டு பாடத்தைத் தொடங்கினேன்.